மொரம்பு மண்ணில் ஒரு மந்தாரை

1. குழி

முதல் நாள் என் கையில் கொடுத்தது கடப்பாரை. செடி இல்லை, பூ இல்லை. கேட்டுக்கு வெளியே சுவரோரமாகச் சுண்ணாம்பில் ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். அங்கே குழி எடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

கிழக்குத் தாம்பரத்தில் அப்போது புதிதாகக் கட்டிய காலனி. ஒரே மாதிரி வீடுகள். நடுவில் கிணறு, மோட்டார், மேலே ஒரு தொட்டி. பின்பக்கச் சுவரை ஒட்டித் தோட்டக்கார மாலிக்கு ஒரு ரூம். என் வீட்டுக்காரர் அங்கே மாலியாக இருந்தார். இருமல் வந்தது, பிறகு ரத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். எப்போது அனுப்புவார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

மாலி இல்லை என்றால் ரூம் இல்லை. எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். போக வேறு இடம் கிடையாது. காலனி செக்ரட்டரி சாமுவேல் சாரிடம் போய், வீட்டுக்காரர் வேலையை நான் செய்கிறேன் என்றேன். சாமுவேல் சார் ஹெட்மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். சத்தம் போட்டுப் பேச மாட்டார். அதனால் அவர் சொல்வது எனக்கு எப்போதும் கொஞ்சம் பயமாக இருக்கும்.

"லேடி மாலியா? கடப்பாரை பிடிப்பியாம்மா?"

"பிடிப்பேன் சார்."

"சரி, கேளு. கேட் பக்கத்துல ஒரு மந்தாரை வரணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. வச்ச கன்னு ஒண்ணும் நிக்கல. மீட்டிங்ல 'செக்ரட்டரி கார்டன் எப்படி சார் இருக்கு'ன்னு சிரிக்கிறாங்க. இந்தத் தடவை அது வந்தாகணும். வரலைன்னா கமிட்டி வேற ஆளப் பாக்கும். நான் ஒண்ணும் பேச முடியாது."

எனக்குப் புரிந்தது. கன்று நிற்கும்வரை ரூம்.

தோண்டும்போதே முன்பு வைத்தவை ஏன் செத்தன என்று தெரிந்தது. மேலே வீடு கட்டிய குப்பை. செங்கல் சில்லு, சுண்ணாம்புக் காரை. கீழே மொரம்பு, கல் கலந்து இறுகின செம்மண். கடப்பாரை இறங்கினால் ணங் என்று திரும்பி வரும். கை கொப்புளித்தது. பக்கத்துக் கிராமத்துக் குப்பம்மாள் எருமையை ஓட்டிக்கொண்டு அந்த வழியாகப் போனாள். அன்றுதான் அவளை முதலில் பார்த்தேன்.

"இன்னா அஞ்சல, கெணறு வெட்றியா? தண்ணி வந்தா சொல்லு, கொடம் எத்துகினு வரேன்."

என் பெயரை அதற்குள் யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் நிமிரவில்லை. இடுப்பளவு ஆழம் போகும்வரை நிமிரவில்லை.

2. மடியில் கன்று

கன்று வாங்க சைதாப்பேட்டைப் பக்கம் ஒரு நர்சரிக்கு அனுப்பினார்கள். ஆள் உயரக் கன்று இருந்தது, பூவோடு. நான் அதை எடுக்கவில்லை. தொட்டியின் அடி ஓட்டையில் வேர் வெளியே வந்து சுருண்டிருந்தது. அப்படி வந்துவிட்டால் மண்ணில் வைத்தாலும் அது சுற்றிக்கொண்டேதான் இருக்கும், ஆழம் போகாது. முழங்கால் உயரத்தில் ஒன்று, விரல் பருமன் தண்டு, நேராக இருந்தது. அதை எடுத்தேன்.

எலெக்ட்ரிக் ட்ரெயினில் காலடியில் வைத்திருந்தேன். டிக்கெட் பரிசோதகர் வந்தார்.

"இன்னாம்மா இது? லக்கேஜுக்கு டிக்கெட் கீதா?"

எதிரே கீரைக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா சொன்னாள்: "கைக்கொழந்தைக்கு ஏது சார் டிக்கெட்டு?"

பெட்டியே சிரித்தது. அவரும் சிரித்தார். "கைக்கொழந்தைன்னா மடியில வச்சிக்கணும். கீழ வச்சா லக்கேஜ்தான்."

தாம்பரம் வரும்வரை மடியில் வைத்திருந்தேன். புடவையெல்லாம் சேறு.

சாமுவேல் சார் கன்றைப் பார்த்து முகம் சுருங்கினார். "இவ்ளோ சின்னதா?"

"வளரும் சார்."

செம்மண், மக்கின எரு, மணல் போட்டுக் குழியை நிரப்பினேன். கன்றோடு வந்த தாய்மண் உடையாமல் இறக்கினேன். முட்டுக்கொம்பு கட்டினேன். ஆடு மேயாமல் இருக்கச் சுற்றிலும் கருவேல முள். மேற்கு வெயிலுக்குப் பனை ஓலை மறைப்பு. வேரைச் சுற்றிப் பாத்தி.

மந்தாரைக்குப் பெரிய வேலை ஒன்றும் கிடையாது. முதல் இரண்டு கோடையைத் தாண்டிவிட்டால் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். அதுவரை நாம் பார்க்க வேண்டும்.

3. பாத்தியில் குடம்

முதல் கோடை போனது. அந்த வருஷம் ஐப்பசியில் மழை இல்லை. கார்த்திகையிலும் இல்லை. அடுத்த பங்குனிக்குள் மோட்டார் காற்றை இழுக்க ஆரம்பித்தது. கமிட்டி ஒரு ரூல் போட்டது. காலையில் ஒரு தடவை தொட்டி நிரப்புவார்கள். அதற்கு மேல் வேண்டியவர்கள் கயிறு போட்டு இறைத்துக்கொள்ள வேண்டும். வெளி ஆட்களுக்குக் கிணறு கிடையாது.

கிராமத்துக் கிணறு அதற்கு முன்பே காய்ந்துவிட்டது. பெண்கள் ரோட்டுப் பம்ப்புக்கு வரிசை போட்டார்கள். பம்ப்பில் வராதபோது காலனி கேட்டுக்கு வந்து நின்றார்கள். உள்ளே விட எனக்கு உரிமை இல்லை. ஆனால் சாயங்காலம் மந்தாரைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கிணற்றில் இறைத்து, இடுப்பில் குடத்தை வைத்து, கேட்டைத் திறந்து வெளியே வந்து, அவர்கள் கண்ணுக்கு முன்னால் மண்ணில் ஊற்ற வேண்டும். அதைப் போல ஒரு வேலையை நான் வேறெப்போதும் செய்ததில்லை.

"அபிசேகம் நடக்குது, எல்லாம் கும்புட்டுக்கோங்க."

"இந்தா அஞ்சல, அடுத்த ஜென்மத்துல நானும் மரமா பொறக்கறேன். அப்பவாச்சும் ஊத்துவியா?"

"அவ இன்னா செய்வா, கஸ்மாலம், சம்பளம் வாங்கறால்ல."

அவர்கள் சொன்னதில் தப்பு இல்லை.

ஒருநாள் குப்பம்மாள் முள்வேலியைக் காலால் ஒதுக்கிவிட்டு, தன் குடத்தைக் கொண்டுவந்து பாத்திக்குள் வைத்தாள். கன்றை ஒட்டி வைத்தாள்.

"ஊத்து" என்றாள்.

"எடுடி. சார் பாத்தா என்னைத் தொரத்துவாரு."

"நீ மரத்துக்குத்தான ஊத்தற? பாத்தியிலதான ஊத்தற? ஊத்து. பாத்தியில இன்னா கீதுன்னு நீ ஏன் பாக்கற?"

மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். குடம் என் இடுப்பில் கனத்தது. ஊற்றினேன். அவள் குடம் நிறைந்தது. வழிந்தது மரத்துக்கு. அவள் எடுத்துக்கொண்டு போனாள். அடுத்தவள் தன் குடத்தை வைத்தாள்.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். மரத்துக்கு இவ்வளவு என்று கமிட்டி அளவு சொல்லவில்லை. கயிறு தோலை உரிக்கும்வரை இறைத்தேன். எல்லோருக்கும் வராது. வந்தவரை கொடுத்தேன். ராத்திரி கையைத் தூக்கிப் பிள்ளைக்குத் தலை பின்ன முடியாது.

சாமுவேல் சார் ஒருநாள் கேட்டார். "அஞ்சலை, ஒரு கன்னுக்கு இவ்ளோ தண்ணியா?"

"மொரம்பு சார். நிக்காது."

அதுவும் உண்மைதான். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் வீட்டு மாடியில் நின்றால் கேட் முழுக்கத் தெரியும். அவர் பார்த்தாரா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

4. கழனி

சித்திரையில் வாளியில் சேறு வந்தது. குடங்களுக்கே போதவில்லை, வழிவதற்கு ஏது? கன்றின் இலை தொங்க ஆரம்பித்தது. மந்தாரை இலை இரண்டு இலை ஒட்டினாற்போல இருக்கும். தாகம் வந்தால் நடு நரம்பில் மடித்துக்கொண்டு தொங்கும். காலையிலும் நிமிராவிட்டால் ஆபத்து.

நான் பெண்களிடம் சொன்னேன். "குடத்தை முழுசா நீங்களே எடுத்துக்கோங்க. அதுக்குப் பதிலா ஆளுக்கு ஒரு சொம்பு கழனித் தண்ணி கொண்டாந்து பாத்தியில ஊத்திட்டுப் போங்க."

அரிசி கழுவின தண்ணீரைத்தான் கழனி என்போம். செடிக்கு நல்லது. யாருக்கும் நஷ்டம் இல்லை. எல்லோரும் சரி என்றார்கள்.

குப்பம்மாள் மட்டும், "என்னாண்ட எருமை கீதே, அது இன்னாத்த குடிக்கும்?" என்றாள். பிறகு, "சரி, இன்னாவோ ஒண்ணு கொண்டாரேன் போ" என்றாள்.

கொண்டுவந்தார்கள். சொம்பில், சட்டியில், பால் டப்பாவில். கன்று நிமிர்ந்தது. நுனியில் ஒரு துளிர்கூட வந்தது. சாமுவேல் சார் வாக்கிங் போகும்போது நின்று பார்த்து, "குட், குட்" என்றார். ஒரு மாதிரி சமாளித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அப்புறம் இலை ஓரம் கருக ஆரம்பித்தது.

5. பூனை

வெயில் கருகல் என்று நினைத்து ஓலையை மாற்றிக் கட்டினேன். நிற்கவில்லை. கருகல் ஓரத்திலிருந்து உள்ளே வந்தது. இலை உதிர்ந்தது. ஒரு காலையில் போய்ப் பார்த்தால் முள்வேலிக்குள்ளே பூனை ஒன்று பாத்தியைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. இன்னொன்று பக்கத்தில் உட்கார்ந்து நக்கிக்கொண்டிருந்தது. விரட்டிவிட்டுக் குனிந்தேன். மண் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஒரு விரல் எடுத்து நாக்கில் வைத்தேன். உப்பு. முகர்ந்தேன். கருவாடு.

சாயங்காலம் எல்லோரும் வந்தபோது கேட்டேன். "கருவாட்டுத் தண்ணிய இதுல ஊத்தினது யாரு?"

குப்பம்மாள் மறைக்கவில்லை. "நான்தான். நீதான கேட்ட?"

"நான் கழனித் தண்ணி கேட்டேன்."

"கழுவின தண்ணிதான கேட்ட? அரிசி கழுவினது எருமைக்கு. கருவாடு கழுவினது மரத்துக்கு. ரெண்டும் கழுவினதுதான்?"

"கழனின்னு சொன்னேன்டி."

"என் காதுல கழுவினதுன்னுதான் வுழுந்துது. உன் வாயிலர்ந்து ஒரு வார்த்த வர்றதே பெரும்பாடு. அத்த கொஞ்சம் கத்தி சொன்னா இன்னா?"

யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

குப்பம்மாள் குரல் கொஞ்சம் இறங்கியது. "ஒரு மரந்தான? பூட்டா பூட்டும். செக்ரட்டரி வேற வாங்குவாரு."

"மரம் போனா ரூம் போயிடும்."

"எந்த ரூமு?"

"நாங்க இருக்கற ரூமு."

இவ்வளவு நாளும் அதை நான் அவளிடம் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கோபித்துக்கொண்டாள் என்று நினைத்தேன். விடிந்ததும் மண்வெட்டியும் கூடையுமாக வந்து நின்றாள்.

"ஏரி காஞ்சி வெடிச்சிகினு கீது. வண்டல் அள்ளிகினு வரலாம், எழுந்துரு."

உப்பு ஏறின மண்ணைக் கழுவ வேண்டுமென்றால் நிறைய நல்ல தண்ணீர் வேண்டும். அது இல்லை. மண்ணை மாற்றத்தான் முடியும். அவள் வீட்டில் தலைமுறையாக ஏரி வண்டல் அள்ளி வயலுக்குப் போட்டவர்கள். எந்த இடத்தில் மண் நன்றாக இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தலைச்சுமையாகக் கொண்டுவந்தோம். பாத்தி மண்ணை வேர் தெரியும்வரை கையால் சுரண்டி எடுத்துத் தூரக் கொட்டினேன். வண்டலைப் போட்டு அழுத்தினேன். பிறகு கத்தரிக்கோலை எடுத்து, இலை, கிளை எல்லாம் கழித்தேன். வேர் பாதி போயிருக்கும்போது மேலே அவ்வளவையும் அதனால் தாங்க முடியாது. வெட்டின இடத்தில் சாணி வைத்தேன்.

மிஞ்சியது ஒரு குச்சி.

"நடும்போது இப்டித்தான் இருந்துதா?" என்றாள் குப்பம்மாள்.

"இதைவிட நல்லா இருந்துது."

சாமுவேல் சார் வந்து பார்த்தார். பிறகு, "என்னம்மா பண்ணி வச்சிருக்க?" என்றார்.

"உப்பு ஏறிடுச்சு சார். துளிர்க்கும்."

"உப்பு எப்படி ஏறும்?"

அதைச் சொன்னால் குடங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் குனிந்து கழித்த கிளைகளைப் பொறுக்கினேன்.

"மீட்டிங்ல நான் என்னன்னு சொல்றது? குச்சி நட்டிருக்கோம்னா? நான் அன்னிக்கே சொன்னேனே அஞ்சலை. ஐயம் சாரி. கமிட்டியில வேற மாலிய வரச் சொல்லியிருக்காங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எலும்புதான் இருந்தது.

"கன்னு எப்படி கீது?"

"இருக்கு."

திரும்பி வந்து, பெரிய பாத்திரங்களை மூட்டை கட்டினேன்.

6. ரூம் பார்க்க வந்தவர்

உச்சி வெயிலில் அந்த ஆள் வந்தார். கீழ்க்கட்டளையிலிருந்து நடந்தே வந்தாராம். என் வீட்டுக்காரர் வயசு இருக்கும். மஞ்சள் பையில் கத்தரிக்கோல் துருத்திக்கொண்டிருந்தது. நகமெல்லாம் கறுப்பு. மாலி என்று சொல்ல வேண்டியதில்லை.

சாமுவேல் சார் அவருக்கு ரூமைக் காட்டினார். நான் வாசலிலிருந்து ஒதுங்கி நின்றேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார், மூலையில் என் சின்னப் பெண் படுத்திருந்ததைப் பார்த்தார். உள்ளே கால் வைக்கவில்லை.

"மரத்தைக் காட்டுங்க சார்" என்றார்.

கேட்டுக்குப் போனோம். அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குச்சியைக் கட்டைவிரல் நகத்தால் லேசாகக் கீறினார். உள்ளே பச்சை. கொஞ்சம் கீழே கீறினார். அங்கேயும் பச்சை. மண்ணை அள்ளிப் பிசைந்தார்.

"ஏரி வண்டலு. யாரு போட்டது?"

"நான்தான்" என்றேன்.

அவர் விரலில் ஏதோ மின்னியது. மீன் செதில். எவ்வளவோ சுரண்டியும் ஒன்று தப்பியிருந்தது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு செதிலை மண்ணுக்குள் அழுத்தி மூடிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"சார், இது உசுரோட கீது."

"அப்ப நல்லதா போச்சு. நீ கொண்டு வந்துடுவியா?"

"இல்ல சார். எனக்கு வாணாம்."

"வேலை வேணும்னு நீதானேப்பா வந்த?"

"வேணும் சார். ரொம்ப வேணும். ஆனா இப்ப நான் கை வச்சி, இது செத்துச்சின்னா என் பேரு கெட்டுடும். பொழச்சிச்சின்னா இந்தம்மா பேருதான் நிக்கும். மண்ணு மாத்தி, கவாத்து பண்ணி, பாதி வேல இவங்க முடிச்சிட்டாங்க. மழ வரைக்கும் இவங்களே பாக்கட்டும். ஆள மாத்தினா இது தாங்காது சார்."

சாமுவேல் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அந்த ஆள் என்னிடம், "குடிக்க தண்ணி கீதாம்மா?" என்றார். ரூமில் ஒரு சொம்பு இருந்தது. கொண்டுவந்து கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, மீதியை என் கையிலேயே கொடுத்தார். "கொழந்தைக்கு வை" என்றார். வந்த வழியே நடந்து போனார். பெயர் கேட்கத் தோன்றவில்லை.

"மழை வரைக்கும் பாக்கலாம்" என்றார் சாமுவேல் சார். என்னிடம் சொன்னாரா, மரத்திடம் சொன்னாரா தெரியவில்லை. நான் போய் மூட்டையைப் பிரித்தேன்.

ஆடியில் ஒரு மழை வந்தது. குச்சியில் மூன்று கண் முளைத்தது. வலுவாக இருந்ததை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் கிள்ளினேன். ஐப்பசி மழையில் என் தோள் உயரம் வந்தது. அதற்கு அடுத்த தை மாதம் பூத்தது. கருஞ்சிவப்புக் கோடு போட்ட ஊதா. மீட்டிங்கில் யாரும் சிரிக்கவில்லை என்று சாமுவேல் சார் சொன்னார். வீட்டுக்காரர் திரும்பி வந்தார். கடப்பாரை தூக்கக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். வேலை என்னிடமே நின்றது.

இப்போது என்னிடம் தோட்ட வேலைக்கு வருகிற பிள்ளைகள் எரு பற்றிக் கேட்பார்கள், பூச்சி பற்றிக் கேட்பார்கள். சொல்வேன். ஆனால் நான் கற்றுக்கொண்டது அது இல்லை. ஓர் இடத்துக்கு வேலைக்குக் கூப்பிட்டால், முதலில் அங்கே இருந்த ஆள் எங்கே என்று கேட்க வேண்டும். செடியைப் பிறகு பார்க்கலாம்.

சில வருஷம் கழித்துப் பல்லாவரத்தில் ஒரு பங்களாவில் என்னைக் கூப்பிட்டார்கள். சம்பளம் கூடுதல். அந்த வீட்டு அம்மா பின்பக்கம் கூட்டிப்போய் ரூமைக் காட்டினார்கள்.

"பழைய மாலி எங்கேம்மா?" என்று கேட்டேன்.

"அவன் சரியில்ல. செடியெல்லாம் வாடுது. காலி பண்ணச் சொல்லியாச்சு. நல்ல ரூம் பாரு, காத்து வரும், ஜன்னல் இருக்கு."

காலனி ரூமில் எனக்கு ஜன்னல் இல்லை. வீட்டுக்காரருக்கு மூச்சுத் திணறும் ராத்திரிகளில் கதவைத் திறந்துதான் வைப்பேன். எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு பெண் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"வேணாம்மா" என்று சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.